படத்துக்குள் இறங்கும் புயல்

வெயிலில் எடுத்த படத்தைப் புயல் படமாக மாற்ற நினைப்பவர் முதலில் கைவைப்பது வானத்தில். கணினியிலோ கைபேசியிலோ உள்ள மென்பொருள் ஒரே தட்டலில் நீல வானத்தை எடுத்துவிட்டுக் கருமேகத்தை வைத்துக் கொடுத்துவிடுகிறது. படம் ஒரு நொடி மிரட்டுகிறது. அடுத்த நொடி ஏதோ உறுத்துகிறது. தலைக்கு மேலே மேகம் கறுத்துக் கிடக்க, கீழே மரத்தடியில் கத்தியால் வெட்டியதுபோல வெயில் நிழல் விழுந்திருக்கிறது. மழை கொட்டப்போகிறது என்கிறது வானம். தென்னங்கீற்று ஒன்றுகூட அசையவில்லை. மேகத்தை எங்கிருந்தும் கொண்டுவந்து ஒட்டிவிடலாம். அதைப் பார்ப்பவர் நம்புவதும் நம்பாததும் தரையில் விழுந்திருக்கும் வெளிச்சத்தைப் பொறுத்தது. புயல் படம் செய்யும் வேலையில் நேரமும் பொறுமையும் கேட்கிற பகுதி அந்த வெளிச்சம்தான்.

இருட்டறையில் தொடங்கிய வேலை

வானத்தை மாற்றும் ஆசை கணினியோடு பிறந்ததல்ல. 1850களில் புழக்கத்தில் இருந்த கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகையாக வாங்கிக்கொள்பவை. கடல் சரியாகப் பதியும் அளவுக்குத் தகட்டில் ஒளி விழவிட்டால் வானம் வெளுத்து வெறுந்தாளாகிவிடும். வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால் கடல் இருண்டுவிடும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின்மேல் மிதப்பதை இன்றும் பார்க்கலாம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் இன்னொரு பாதையில் போனார். 1927-ல் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது லென்ஸின் முன் அடர்சிவப்பு ஃபில்டரை வைத்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிட்டதால், தெளிந்த பகல் வானம் ஏறக்குறைய கறுப்பாகப் பதிந்தது. 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின்மேல் நிலவு எழும் காட்சியை எடுத்தார். அந்தப் படத்தின் தொடக்ககால அச்சுகளில் மேல்வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரிகின்றன. ஆண்டுகள் போகப் போக, அச்சிடும்போது அந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டி இருட்டிக்கொண்டே வந்தார். பிற்கால அச்சுகளில் அதே இடம் கரிய திரையாகிவிட்டது. நெகட்டிவ் ஒன்றுதான், வானிலை அச்சுக்கு அச்சு மாறியது.

இருட்டறையில் ஒரு பகுதியைக் கறுக்கவைப்பதற்கு ‘பர்ன்’ என்றும், கறுக்காமல் காப்பதற்கு ‘டாட்ஜ்’ என்றும் பெயர். ஃபோட்டோஷாப்பில் அதே பெயர்களில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. பர்ன் கருவிக்கு அடையாளம் விரல்களை வளைத்துக் குவித்த கை. டாட்ஜ் கருவிக்கு அடையாளம் குச்சியில் செருகிய வட்ட அட்டை. இரண்டும் இருட்டறைக்காரர்கள் ஒளியை மறைக்கப் பயன்படுத்தியவை. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய அந்த மென்பொருள் 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. லெ கிரேயின் இரண்டு நெகட்டிவ்களுக்கு நிகரான ‘லேயர்’ வசதி, அதாவது படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துத் தனித்தனியே திருத்தும் வசதி, 1994-ல் மூன்றாம் பதிப்பில் வந்தது. காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளும் அதே பத்தாண்டில் பிறந்தது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படுகிற வேலைகளில் பெரும்பாலானவற்றை அதிலும் செய்யலாம். வானத்தைத் தானே கண்டறிந்து மாற்றிவைக்கும் வசதி 2019-ல் லூமினார் 4 மென்பொருளிலும், 2020-ல் ஃபோட்டோஷாப்பிலும் வந்துசேர்ந்தது.

புயல் வெளிச்சம்

வெப்பமண்டலத்தில் ஓர் இடிமேகம் 15 கிலோமீட்டருக்கும் மேலே வளரக்கூடியது. அதன் தலை வெயிலில் வெண்பஞ்சாகப் பளபளக்கும், அடிவயிறுதான் கறுத்திருக்கும். மேலே விழும் ஒளியை மேகத்துக்குள் இருக்கும் எண்ணற்ற துளிகளும் பனித்துகள்களும் சிதறடித்துப் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் திருப்பிவிடுகின்றன. அடிப்பக்கம் வந்துசேர்வது சொற்பம். மேகம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கறுப்பு. நேரடி வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும் வெளிச்சம், கனத்த மழைமேகத்தின்கீழ் சில ஆயிரமாகவும் சில வேளைகளில் அதற்கும் கீழாகவும் இறங்கிவிடும்.

குறைந்துபோவது அளவு மட்டுமென்றால் எல்லாப் படத்தையும் இருட்டிவிட்டாலே வேலை முடிந்துவிடும். மாறுவது ஒளியின் குணம். சூரியன் என்ற ஒற்றை விளக்கு அணைந்து, வானம் முழுவதும் மங்கலான ஒரு பெரிய விளக்காகிறது. அதனால் நிழல்களின் ஓரம் கரைந்துபோகிறது. மூக்கின்கீழும் கன்னத்தின் ஓரமும் விழும் கூரிய நிழல் மறைகிறது. இலைகளின்மேல் தெறிக்கும் வெயில் பளபளப்பு போய்விடுவதால் பச்சை அடர்ந்து தெரிகிறது; மழைக்கு முன்னால் வயல் அத்தனை பச்சையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஒளியின் நிறம் மஞ்சளை விட்டு நீலச்சாம்பல் பக்கம் சாய்கிறது. தொலைவில் மழை இறங்கும் இடத்தில் மலையும் மரமும் தம் கறுப்பை இழந்து சாம்பல் பட்டைகளாக மெலிகின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுதான் புகைப்படக்காரர்கள் தேடி அலைவது. மாலைச் சூரியன் மேகத்தின் விளிம்புக்குக் கீழே இறங்கி, எதிரே கறுத்து நிற்கும் வானத்துக்கு முன்னால் இருக்கும் தரையைப் பொன்னிறமாக ஏற்றிவிடும் சில நிமிடங்கள். அப்போது நிழல் நீண்டு, கூர்மையாக விழும். ஆனால் சூரியன் பார்ப்பவரின் முதுகுப்பக்கம் இருக்கும். கருமேகம் முன்னால் இருக்கும். வானவில்லும் இந்த அமைப்பில்தான் தோன்றும், சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 42 பாகையில். வேறெந்தத் திசையிலும் வானவில்லை ஒட்டிவைத்தால் அது பொய் என்று படமே சொல்லிவிடும்.

எந்தப் படம் தாங்கும்

நடுப்பகல் வெயில் படத்தைப் புயலாக்குவது மிகக் கடினம். தரையில் பதிந்துவிட்ட நிழல்களைத் துடைத்தெடுப்பது ஒவ்வொரு புல்லையும் மறுபடி வரைவதற்குச் சமம். மூடாக்கான நாளிலோ, சூரியன் விழுந்த பிறகோ, அதிகாலையிலோ எடுத்த படம் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஓர் ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் பனைமரங்கள், கீழே சாம்பல் நிறத் தண்ணீர், மேலே எந்த விவரமும் இல்லாத வெளிறிய வானம். இப்படி ஒரு படம் ‘சப்பென்று’ இருக்கிறது என்று ஒதுக்கப்பட்டிருக்கும். புயல் ஏறுவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. இனி வரும் விளக்கத்துக்கு இந்த ஏரிக்கரைப் படமே எடுத்துக்காட்டு.

கேமராவில் ‘ரா’ கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தகவலைக் குறைக்காமல் வைத்திருக்கும் கோப்பாக, எடுத்திருந்தால் நல்லது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. புயல் வானம் முழுவதும் ஒரு சாம்பலிலிருந்து அடுத்த சாம்பலுக்கு மெல்ல நழுவும் பரப்பு. படிநிலை குறைவாக இருக்கும் கோப்பை இழுத்து இருட்டினால் அந்த நழுவல் உடைந்து, மாடிப்படி போலப் பட்டைபட்டையாகத் தெரியும்.

முதல் திருத்தம் படம் முழுவதற்கும். வெண்மைச் சமநிலையைச் சற்று நீலத்துக்குத் தள்ளி, எக்ஸ்போஷரைக் குறைத்து, ஹைலைட் ஸ்லைடரை இறக்க வேண்டும். வானத்தில் ஏற்கெனவே மெல்லிய மேகம் இருந்திருந்தால் இப்போதே வெளியே வரத் தொடங்கும். ரா கோப்புகளைத் திருத்தும் லைட்ரூம், கேமரா ரா மென்பொருள்களில் 2015-ல் சேர்ந்த டீஹேஸ் ஸ்லைடர் மேகத்துக்கு உடல் கொடுப்பதில் கெட்டிக்காரர். மூட்டத்தின் வழியே வரும் காட்சியில் பொருளின் ஒளியோடு காற்றில் சிதறிய வெளிறிய ஒளியும் கலந்திருக்கிறது என்பது அதன் அடிப்படைக் கணக்கு. சிதறிய பங்கை மதிப்பிட்டுக் கழித்துவிட்டால் மேகத்தின் மடிப்புகள் துலங்குகின்றன. ஆனால் அதே ஸ்லைடரைத் தரைக்கும் சேர்த்து இழுப்பது பெரும் தவறு. மழைக்கால மண்ணின் தொலைவு மூட்டத்தால்தான் தெரிகிறது. அதைக் கழித்துவிட்டால் ஏரியின் அக்கரை இக்கரைக்கு வந்துவிடும். வானத்துக்கு வலப்பக்கமும், தொலைதூர மரவரிசைக்குச் சிறிது இடப்பக்கமும் இழுத்தால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

கறுப்பு வெள்ளையில் வேலை இன்னும் எளிது. நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் கட்டுப்பாட்டில் நீலத்தின் ஸ்லைடரை மட்டும் இறக்கினால், ஆடம்ஸின் சிவப்புக் கண்ணாடி செய்ததையே மென்பொருள் செய்துவிடும். வெளிறிய வானத்தில் நீலமே இல்லையென்றால் இந்த வித்தை பலிக்காது. பழைய சிவப்பு ஃபில்டருக்கும் அங்கே தோல்விதான்.

மேகத்தை வைப்பது

இருக்கும் வானத்தில் ஒன்றும் இல்லாதபோது வேறொரு வானம் வேண்டும். கைபேசியிலேயே எடுத்துச் சேர்த்துவைத்த சொந்த மேகப் படங்கள் இணையத்தில் எல்லோரும் பயன்படுத்தும் வானங்களைவிட மேல். தேர்ந்தெடுக்கும்போது மூன்று பொருத்தங்களைப் பார்த்தாக வேண்டும். வெளிச்சத்தின் திசை முதலாவது. ஏரிக்கரைப் படத்தில் பனைகளின் இடப்பக்கம் சற்று வெளுத்திருந்தால் மேகத்தின் வெளுத்த பக்கமும் இடதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வானத்தை இடவலமாகத் திருப்பலாம். இரண்டாவது பார்வைக்கோணம். தலைக்கு மேலே பெரிதாகவும் இடைவெளியோடும் தெரியும் மேகங்கள் தொடுவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து, தட்டையாகி, நெருக்கமாகும். அண்ணாந்து எடுத்த வானத்தை நேர்ப்பார்வைப் படத்தில் வைத்தால் மேகம் சுவரில் ஒட்டிய சுவரொட்டி போல நிற்கும்.

மூன்றாவது, மேகத்தின் ஊர். 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி நியூயார்க்கை நெருங்கியபோது, சுதந்திர தேவி சிலைக்குப் பின்னால் பிரம்மாண்டமான சுழல் மேகம் நிற்கும் படம் உலகம் முழுவதும் பரவியது. அந்த மேகம் 2004-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில் ஒருவர் எடுத்த இடிமேகம். சமவெளியில் தனித்து நிற்கும் சுழல் இடிமேகத்தைத் தொலைவிலிருந்து அப்படி முழுதாகப் பார்க்கலாம். கடற்புயல் வேறு சாதி. அதன் சுருள் வடிவம் செயற்கைக்கோளுக்குத்தான் தெரியும்; தரையில் நிற்பவருக்கு அது தாழ்ந்து ஓடும் சாம்பல் கூரை, அலையலையாக வரும் மழை, ஓயாத காற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடல் புயலைக் கரையில் நின்று பார்த்த எவருக்கும் இது தெரியும். கடலூர்க் கடற்கரையின்மேல் நெப்ராஸ்கா மேகத்தை வைத்தால் படம் மிரட்டலாம், அந்தக் கரையில் வாழ்பவரை நம்பவைக்காது. மேற்கே கறுத்துத் திரளும் கோடை இடிமழைக்குக் குவிந்த மேகம் பொருந்தும். புயலுக்குத் தாழ்ந்து கிழிந்து பறக்கும் மேகம் பொருந்தும்.

புதிய வானத்தை ஒரு லேயராக வைத்தபின், பனை ஓலைகளுக்கு நடுவே அதை எப்படி நுழைப்பது என்பது அடுத்த சிக்கல். ஒரு லேயரில் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மாஸ்க் என்று பெயர். ஓலையின் ஒவ்வொரு விரலையும் கையால் சுற்றி வரைய முயன்றவர் அந்த வேலையை இரண்டாம் முறை செய்யமாட்டார். படத்தின் நீலச் சேனலை, அதாவது நீல ஒளியின் அளவைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தை, மட்டும் தனியே திறந்து பார்த்தால் வானம் வெளுத்தும் ஓலை கறுத்தும் ஏற்கெனவே பிரிந்து நிற்கும். அதை நகலெடுத்து, கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் லெவல்ஸ் கட்டுப்பாட்டில் இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் ஓலையின் நுனிவரை மாஸ்க் தானாகவே கிடைத்துவிடும்.

வானம் முற்றிலும் வெளுத்திருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. மேக லேயரின் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என்று மாற்றினால் போதும். இந்த முறையில் இரண்டு லேயர்களின் மதிப்புகளும் பெருக்கப்பட்டு 255-ஆல் வகுக்கப்படுகின்றன. வெள்ளையின் மதிப்பு 255 என்பதால் வெளுத்த வானத்தில் மேகம் அப்படியே பதிகிறது. ஓலை ஏற்கெனவே கறுப்பு என்பதால் கறுப்பாகவே நிற்கிறது. ஓரத்தில் பழைய வானத்தின் வெள்ளை விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் தொல்லையும் இதில் இல்லை. தரையின்மேல் படியும் பகுதியை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் மறைத்துவிடலாம். இருட்டுவதற்காகப் படத்தையே அதன்மேல் மல்டிப்ளை செய்யும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அங்கே கணக்கைக் கவனிக்க வேண்டும். 200 மதிப்புள்ள வானம் 157-க்கு இறங்கும்போது, 50 மதிப்புள்ள மரநிழல் 10-க்கு விழுந்துவிடும். வானத்துக்கு அழகு, மரத்துக்குக் குருட்டுக் கறுப்பு.

தொடுவானத்தை ஒட்டி ஒரு மெல்லிய வெளிச்சப் பட்டையை விட்டுவைப்பது நல்லது. மேகத்தின் விளிம்புக்கு அப்பாலிருந்து ஒளி கசியும் அந்தக் கோடு நிஜப் புயலில் அடிக்கடி காணக்கூடியது. எங்கும் ஒரே கறுப்பாக இருக்கும் படம் புயலாகத் தெரியாது, தவறாக எடுத்த படமாகத் தெரியும். ஏதோ ஓர் இடத்தில் வெளிச்சம் இருந்தால்தான் இருட்டுக்கு எடை வரும்.

தரையை நனைப்பது

வானம் மாறியதும் ஏரி மாற வேண்டும். தண்ணீரில் இன்னும் பழைய வெளிறிய வானம் கிடப்பதுதான் இத்தகைய படங்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை. மேக லேயரை நகலெடுத்துத் தலைகீழாக்கித் தண்ணீரின்மேல் வைத்து, தெளிவைக் குறைக்க வேண்டும். காற்றடிக்கும் தண்ணீரில் பிம்பம் கண்ணாடி போல நிற்காது. மேல்கீழாக நீண்டு குழம்பும். ஒரு திசையில் இழுத்து மங்கவைக்கும் மோஷன் பிளர் ஃபில்டரைச் செங்குத்துத் திசையில் கொஞ்சம் கொடுத்தால் அந்தக் குழப்பம் கிடைக்கும். தண்ணீரை நேராகக் குனிந்து பார்க்கும்போது அது வானத்தை மிகக் குறைவாகவே பிரதிபலிக்கும். சாய்ந்த பார்வையில், அதாவது தொலைவில், பிரதிபலிப்பு பெருகும். ஆகவே பிம்பம் அக்கரைப் பக்கம் வலுத்தும், காலடியில் மெலிந்தும் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக மறையும் ஒரு கிரேடியன்ட் மாஸ்க் இதைச் செய்துவிடும்.

மழை பெய்துகொண்டிருக்கும் படமென்றால் மண் நனைந்திருக்க வேண்டும். நனைந்த மண்ணும் சிமெண்டும் மரப்பட்டையும் காய்ந்ததைவிடக் கறுத்துத் தெரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மேலே படியும் நீர்ப்படலம் உள்ளே போன ஒளியை எளிதில் வெளியே விடாமல் திரும்பத் திரும்ப மண்ணுக்கே அனுப்புகிறது; ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. எனவே கரையின் மண்பாதையைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, நிறச்செறிவைச் சிறிது கூட்ட வேண்டும். பிறகு பள்ளமான இடங்களில் வானத்தின் சாம்பலை மெல்லிய தீற்றுகளாகப் பூசினால் தேங்கிய நீராகிவிடும்.

காற்றுக்குச் சாட்சி சொல்ல ஏதாவது ஒன்று அசைய வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பப்பெட் வார்ப் போன்ற வளைக்கும் கருவியால் பனையின் தலையை ஒரு பக்கமாகச் சற்றே சாய்க்கலாம். பனை தென்னையைப் போல வளைந்து கொடுக்காது. உடல் விறைத்து நிற்க, ஓலைகள்தான் ஒரு பக்கமாகச் சீவிவிடப்பட்டதுபோல ஒதுங்கும். மரத்தின் இயல்பு தெரியாமல் கருவியை இழுத்தால் மரம் ரப்பராகிவிடும். எல்லா மரமும் எல்லா அலையும் மழைக்கோடும் ஒரே திசைக் காற்றுக்கு அடங்க வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் தவறுவது அங்கேதான்.

கடைசியில் பர்னும் டாட்ஜும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை ‘சாஃப்ட் லைட்’ முறையில் வைத்து, அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாக மென்மையான பிரஷ்ஷால் தீற்றினால் மூலப்படத்தைத் தொடாமலே ஒளியை இடம் மாற்றலாம். பிரஷ்ஷின் வலிமையை ஐந்து, பத்து சதவீதத்தில் வைத்துப் பலமுறை தடவுவதே முறை. ஓரங்களை இருட்டி, பார்வை போக வேண்டிய இடத்தை, ஒரு தோணியையோ மதகையோ, சற்றே ஏற்றிவிட்டால் படம் மூச்சுவிடத் தொடங்கும்.

மழைக் கோடுகள்

மழையைச் செய்யும் வழி பழையது. கறுப்பு நிரப்பிய லேயரில் ஆட் நாய்ஸ் ஃபில்டரால் வெள்ளைப் புள்ளிகளைத் தூவி, மோஷன் பிளரால் அவற்றைக் கோடுகளாக இழுத்து, லெவல்ஸால் கோடுகளைப் பிரித்தெடுத்து, லேயரை ‘ஸ்கிரீன்’ முறைக்கு மாற்ற வேண்டும். ஸ்கிரீன் முறையில் கறுப்பு மறைந்துவிடும், வெள்ளை மட்டும் படத்தில் ஏறும்.

கோட்டின் நீளத்தையும் சாய்வையும் கண்மூடித்தனமாக வைக்க வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60 நொடியில் எடுத்த படத்தில் அது 15 சென்டிமீட்டர் கோடாகும். 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. மூலப்படம் எந்த ஷட்டர் வேகத்தில் எடுக்கப்பட்டது என்பது கோப்பின் தகவல்களிலேயே பதிவாகியிருக்கும். மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால், அந்தத் துளியின் பாதை செங்குத்திலிருந்து சுமார் 29 பாகை சாயும். சிறு துளிகள் மெதுவாக விழுவதால் இன்னும் அதிகமாகச் சாயும். எல்லாக் கோடுகளும் அச்செடுத்தாற்போல ஒரே கோணத்தில் இருந்தால் மழை திரைச்சீலையாகத் தெரிவது இதனால்தான்.

ஒரே மழை லேயர் போதாது. தொலைவுக்கு நுண்ணிய, அடர்ந்த, மங்கிய கோடுகள். நடுத்தூரத்துக்குச் சற்றே நீண்டவை. கேமராவுக்கு அருகே விரல்விட்டு எண்ணக்கூடிய சில, குவியமிழந்து தடித்தவை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆழம் பிறக்கும். மழை கருத்த பின்னணியில் நன்றாகத் தெரியும், வெளுத்த வானத்தில் அநேகமாகத் தெரியாது. ஒவ்வொரு துளியும் ஒரு சிறு லென்ஸாகி வானத்தின் வெளிச்சத்தைத் தனக்குள் வாங்கிக் காட்டுவதே காரணம். பனைகளின் கறுப்புக்கும் அக்கரைத் தோப்புக்கும் முன்னால் மழையைக் காட்டி, தொடுவானத்து வெளிச்சப் பட்டையில் அழித்துவிட வேண்டும்.

மின்னல்

மின்னல் செய்யும் பழைய வித்தை ஒன்று அதன் அழகுக்காகவே தெரிந்துகொள்ளத் தக்கது. புதிய லேயரில் இடமிருந்து வலமாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் இட வேண்டும். அதன்மேல் டிஃபரன்ஸ் கிளவுட்ஸ் ஃபில்டரை ஓட்டினால் நடுவே ஒரு கருங்கோடு நெளிந்து தோன்றும். படத்தை நெகட்டிவ்வாகத் திருப்பினால் அந்தக் கோடு வெள்ளையாகும். லெவல்ஸில் மற்றவற்றையெல்லாம் கறுப்பாக்கிவிட்டால் மின்னல் மட்டும் மிஞ்சும். கிளவுட்ஸ் ஃபில்டர் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்களால் மேகம் போன்ற பரப்பைக் கணக்கிட்டு உருவாக்குகிறது. டிஃபரன்ஸ் முறை அந்த மேகத்துக்கும் கிரேடியன்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. இரண்டும் சமமாகும் இடங்களில் வித்தியாசம் பூச்சியம், ஆகவே கறுப்பு. கிரேடியன்ட் நேராக ஏற, மேகம் ஏறியிறங்க, இரண்டும் சந்திக்கும் கோடு மின்னலைப் போலவே நெளிகிறது.

வைக்கும்போது இயற்கையின் முறையைப் பின்பற்ற வேண்டும். மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் மின்னலின் கிளைகள் கீழ்நோக்கிப் பிரியும். மேல்நோக்கி விரியும் கிளைகள் உயர்ந்த கோபுரங்களிலிருந்து கிளம்பும் மின்னலுக்கு உரியவை. தண்டு தடித்தும் கிளைகள் மங்கியும் இருக்கும். மின்னலின் தடம் ஏறத்தாழ 30,000 கெல்வின் வெப்பமடைவதால் அதன் நடுப்பகுதி எந்த நிறமும் இல்லாத தூய வெள்ளையாகவே பதியும். நீலமோ ஊதாவோ சுற்றியுள்ள ஒளிவட்டத்தில்தான் தெரியும். கோட்டைப் போட்டுவிட்டு நிறுத்தினால் அது ஒட்டுவேலை. மின்னல் புறப்படும் இடத்தில் மேகத்தின் வயிறு உள்ளிருந்து ஒளிர வேண்டும், தண்ணீரில் அதற்கு நேர்கீழே ஒரு குழம்பிய வெள்ளைத் தடம் வேண்டும், அந்தப் பக்கம் பார்த்த பனையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு வெளுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மின்னலே மிகுதி.

இதுவரை சொன்ன வித்தைகள் எதுவும் செய்திப் படத்துக்குப் பொருந்தாது. 2006-ல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட பெய்ரூட் படமொன்றில் குண்டுவீச்சுப் புகை நகலெடுத்துப் பெருக்கப்பட்டு இருட்டப்பட்டிருந்தது தெரியவந்தபோது, அதை எடுத்த, நிறுவனத்தின் ஊழியரல்லாத புகைப்படக்காரரின் 920 படங்களையும் அந்த நிறுவனம் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. 2015-ஆம் ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் 20 சதவீதம், அளவுமீறிய திருத்தத்துக்காக வெளியேற்றப்பட்டன. புயல் எச்சரிக்கை நாளில் இத்தகைய படம் உண்மை என்ற பெயரில் பரவினால் கரையோர மக்கள் எங்கே போவது, எப்போது போவது என்று எடுக்கும் முடிவையே அது குழப்பக்கூடும். நாவல் அட்டை, திரைப்படச் சுவரொட்டி, சுவரில் மாட்டும் கலைப்படம் ஆகியவை இந்த வேலையின் இடம். வேறு எங்கு வெளியிட்டாலும் ‘திருத்தி உருவாக்கிய படம்’ என்ற குறிப்பு படத்தோடு போக வேண்டும்.

அச்சுக்கு முன்

முடிந்த படத்தை ஒருநாள் கழித்துப் பார்ப்பதும், இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதும், கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பதும் பழக்கப்பட்ட கண்ணின் சோர்வைப் போக்கும். சிறிதாக்கியபோதும் வானமும் தரையும் ஒரே படமாக நின்றால் ஒளி பொருந்திவிட்டது என்று பொருள். வானமும் தரையும் வெவ்வேறு கேமராக்களில் எடுக்கப்பட்டிருந்தால் ஒன்றில் மணிமணியான நாய்ஸ் இருக்கும், மற்றதில் வழவழப்பு இருக்கும். முழுப்படத்தின்மேலும் மிக மெல்லிய நாய்ஸ் ஒன்றைத் தூவினால் இரண்டும் ஒரே தோலைப் பெறும். வானத்தின் சாம்பல் நழுவலில் பட்டைகள் தெரிவதையும் இதுவே மறைக்கும்.

திரையில் மேகத்தின் மடிப்புகள் துலங்கிய படம் தாளில் வரும்போது ஒரே கருமையாகிவிடுவது வழக்கம். திரை தானே ஒளிர்வது. தாள் அறையின் வெளிச்சத்தை நம்பியிருப்பது. செய்தித்தாள் போன்ற சொரசொரப்பான தாள் மையை உறிஞ்சிப் பரவவிடுவதால் கறுப்புகள் இன்னும் மூடிக்கொள்ளும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவைத்து, அப்போதும் மேகத்தின் அடிவயிற்றில் விவரம் தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் கர்வ்ஸில் கருமையின் முனையைச் சற்றே தூக்க வேண்டும். பெரிய அச்சுக்கு முன் உள்ளங்கை அளவில் ஒரு சோதனை அச்சு எடுத்து, படம் மாட்டப்போகும் சுவரின் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்ப்பது காகிதத்தையும் காசையும் மிச்சப்படுத்தும். லேயர்கள் அனைத்தும் கொண்ட கோப்பையும் தொடப்படாத மூலப்படத்தையும் தனித்தனியே சேமித்துவைக்க வேண்டும்.